டைட்டானியமும் என் இடது காதும்

3.2.98, செவ்வாய்
மூடுபனி. பஸ் ஊர்ந்தது. ஓக்லா பட்டறைக்கு அரை மணி லேட்.
விமானத்துக்கான பிராக்கெட் ஆர்டர். வேண்டியது நான்கு, வந்த டைட்டானியக் கட்டிகள் ஐந்து. மேலாளர் மெஹ்ரா சாப் எல்லார் முன்னாலும், "சண்முகம் காதாலேயே வெட்டுவான்" என்றார். வெட்டும் முனை மழுங்கினால் சத்தம் மாறும். அந்த நொடியே மெஷினை நிறுத்த வேண்டும்.
வாங்க: பல்பு, காபித்தூள், சரோஜாவுக்குக் கம்பளி சாக்ஸ்.

4.2, புதன்
முதல் கட்டி போச்சு. புகை வந்த பிறகுதான் நிறுத்தினேன். வெட்டிய இடம் முழுக்கச் சூட்டில் நீலம் பாரித்துவிட்டது. சோதனைப் பிரிவு சுனிதா ஜி ஓடிவந்தாள். "அண்ணா, ஆவாஸ் நஹீ ஆயி?"
சத்தம் கேட்கவில்லைதான். ஆனால் சொன்னது, "டூல் பெட்டியே மோசம்."
டூல் எடுத்துக் கொடுத்த ஸ்டோர் யாதவுக்கு மெஹ்ரா சாப் வாயால் திட்டு. அவன் தலை குனிந்து நின்றான். மதியம் ரொட்டி இறங்கவில்லை.
சாக்ஸ் மறந்துவிட்டேன்.

5.2, வியாழன்
மெஷினைத் தொடவில்லை. தலைவலி என்று சொன்னேன்.
சாயங்காலம் சரோஜாவோடு கிட்வாய் நகர் மார்க்கெட். வழியில், "ஒண்ணு சொல்லணும்" என்றேன்.
"காதா?"
நின்றுவிட்டேன்.
"ரெண்டு வருஷமா உங்க வலது பக்கமாத்தானே நடக்கறேன். அதுகூடக் கவனிக்கலையா?"
"ஏன் கேக்கலை?"
"நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்." காலிஃபிளவரைப் புரட்டிக்கொண்டே சொன்னாள். கண்கள் கலங்கியிருந்தன.
யாதவ் விஷயத்தையும் சொன்னேன். "நாளைக்கே போய்ச் சொல்லிடுங்க. வேலை போனா போகட்டும், என் சம்பளம் இருக்கு."

6.2, வெள்ளி
சொல்லிவிட்டேன். யாதவையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு.
மெஹ்ரா சாப் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பிறகு, "இதுக்கு முன்னால போன பீஸெல்லாம்? அதுல ஜனங்க பறக்கறாங்க, சண்முகம்."
சுனிதா ஜி பழைய பதிவேடுகளை எடுத்து வந்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். எல்லாம் அவளே அளந்தவை. ஒன்றிலும் குறையில்லை. முனை மழுங்கும்வரை காத்திருக்க வேண்டாம், பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடலாம் என்றாள். கடிகாரம் போதுமாம்.
மெஹ்ரா சாப்: "முதல்ல டாக்டர். அப்புறம் மெஷின்."
யாதவிடம் மன்னிப்புக் கேட்டேன். "சோடோ, பாயி," விட்டுத்தள்ளு என்று டீயை நீட்டினான்.

7.2, சனி
ஆஸ்பத்திரி. இடது காது ஏறக்குறைய போயே போச்சு. வலதைக் காப்பாற்றலாம், மெஷின் பக்கம் போனால் காதுகளை அடைப்பானால் மூடிக்கொள்ள வேண்டும்.
சரோஜா டாக்டரிடம், "இனிமே சண்டையெல்லாம் வலது காதுலதான் போடணுமா?" டாக்டர் சிரித்தார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தவள், வீடு வரும்வரை விடவில்லை.

9.2, திங்கள்
வெயில். காதுகளை மூடிக்கொண்டு இரண்டாவது கட்டி. எதிரே சுவர்க் கடிகாரம். பத்து நிமிஷம், புது முனை. மறுபடி பத்து. நாள் முழுக்க அப்படியே. சுனிதா ஜி மூன்று முறை அளந்தாள். முத்திரை குத்தினாள்.
சரோஜா ஆபீஸுக்குப் போன் போட்டேன். "பீஸ் பாஸ்" என்றேன். அவள் என்னவோ சொன்னாள். பழக்கத்தில் ரிசீவர் இடது காதில். வலதுக்கு மாற்றி, "இன்னொரு தடவை சொல்லு" என்றேன்.
சொன்னாள்.