பெயரில்லாத பட்டன்கள்

ஜூலை 7, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். நீலசந்திரா ஸ்டாப்பில் பஸ் தாமதம். குடையை மடக்கும்போது பக்கத்தில் நின்ற அம்மாள் மேல் தண்ணீர். கன்னடத்தில் நன்றாகத் திட்டினார். என் கையில் இருந்த வெள்ளைக் கோலைப் பார்த்ததும் உடனே மன்னிப்பு. திட்டே பரவாயில்லை.

ஆபீஸில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வேலை நடந்திருக்கிறது. எல்லா கம்ப்யூட்டருக்கும் புது ஆபரேட்டிங் சிஸ்டம். பழைய டைப்பிங் சாஃப்ட்வேர் அதில் ஓடாதாம், அதனால் அதற்கும் புது வெர்ஷன். சரி. ஹெட்போன் மாட்டினேன். பாஸ்வேர்டு வரை ஒழுங்கு. சாஃப்ட்வேரைத் திறந்ததும், திரையை எனக்குப் படித்துச் சொல்லும் ரீடர் குரல் உளற ஆரம்பித்தது. “பட்டன். பட்டன். பட்டன்.” எது சேவ், எது அனுப்பு, ஒன்றுக்கும் பெயர் இல்லை. டாக்டர் பேச்சை நிறுத்தவும் ஓட்டவும் காலடியில் வைத்திருக்கும் பெடலும் வேலை செய்யவில்லை.

எட்டு வருஷமாக இதுதான் வேலை. ஆஸ்பத்திரி டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டு ரிப்போர்ட்டாக டைப் அடிப்பது. ஒரு காதில் டாக்டர், ஒரு காதில் ரீடர். இன்று இரண்டு காதும் காலி.

ஐ.டி. மஞ்சுநாத் வந்து பார்த்தார்.

“எல்லாம் சரியா இருக்கே மேடம். ஸ்க்ரீன் சக்கத்தா, சூப்பரா இருக்கு.”

“எனக்கு இல்ல மஞ்சுநாத்.”

“ஐயோ. சாரி மேடம்.”

ரிப்போர்ட்: 0.

ஜூலை 8, செவ்வாய்

மஞ்சுநாத் இன்று செய்தவை: ரீஸ்டார்ட், ஆறு தடவை. ரீடரை அழித்து மறுபடி போட்டது. வேறு ரீடர். வேறு கீபோர்ட் (எதற்கு?). பெடலுக்குப் புது டிரைவர். மதியம் பெடல் மட்டும் பிழைத்தது. பட்டன்கள் பட்டன்களாகவே.

சும்மா உட்கார்ந்திருப்பது இவ்வளவு களைப்பா. சுற்றிலும் இருபது பேர் டைப் அடிக்கும் சத்தம்.

பக்கத்து சீட் ஷபானா: “ஏ கிரேஸ், இந்த டாக்டர் என்ன சொல்றாருன்னு கேளுடி. வாயில பீடா வெச்சினு பேசற மாதிரி இருக்கு.” அவர் என்னுடைய டாக்டர். எட்டு வருஷமாக அவர் முனகலை நான்தான் கேட்கிறேன். ஹெட்போனில் ஒரு பக்கத்தை வாங்கிக் கேட்டுச் சொன்னேன், அவள் அடித்தாள். சாயந்தரம் வரை பதினான்கு ரிப்போர்ட். எல்லாம் அவள் லாகினில், அவள் பெயரில். அவள் தப்பில்லை.

இட்லி மாவு வாங்க மறந்தேன்.

ஜூலை 9, புதன்

வசந்தி மேடம் ரூமுக்குக் கூப்பிட்டார். எங்கள் டீம் லீட். கதவை அவரே மூடினார். அப்போதே தெரிந்தது.

“கோவிச்சுக்காத கிரேஸ். இது எப்ப சரியாகும்னு யாருக்கும் சொல்லத் தெரியல. ரிசப்ஷன்ல போன் எடுக்க ஆள் வேணும். மூணு பாஷை பேசற, குரலும் நல்லா இருக்கு. உனக்கு அது ஈஸி.”

“எவ்ளோ நாளைக்கு மேடம்?”



“அப்புறம் பார்க்கலாம். அடுத்த புதன்கிழமை சொல்லு, போதும்.”

நல்லவர்தான். நல்ல மனதோடுதான் சொன்னார். பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அழுகை வரவில்லை. குழாயை மூடிவிட்டு வந்தேன்.

மருந்துப் பெயர்களும் எலும்புப் பெயர்களும் எழுத்துக் கூட்டிப் படிக்க இரண்டு வருஷம். கோலாரிலிருந்து தினமும் ரயிலில் வந்து போன காலத்தில், கூட்டத்தில் நின்றபடி, வாய்க்குள்ளேயே. அதெல்லாம் “லைன்ல இருங்க, கனெக்ட் பண்றேன்” சொல்வதற்கா?

ஜூலை 10, வியாழன்

சாஃப்ட்வேர் கம்பெனி ஹெல்ப்லைன். நாற்பது நிமிடம் பாட்டு. பிறகு ஒரு பெண்: “அது அடுத்த ரிலீஸ்ல வரலாம் மேடம்.” எப்போது? தெரியாது. யாரிடம் கேட்பது? மெயில் போடுங்கள்.

ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரையாவது எனக்கு விட்டுவைக்கலாமா என்று மஞ்சுநாத்திடம் கேட்டேன். “நோயாளிங்க டேட்டா மேடம். பழைய சிஸ்டம் நெட்வொர்க்ல இருக்கவே கூடாது. நான் கேட்டு பார்த்தாயித்து. ஏன் மாடோது, என்ன பண்றது, சொல்லுங்க?” அவர் குரலும் களைத்திருந்தது. இது மாதிரி இன்னும் எத்தனை டேபிளோ அவருக்கு.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஷபானாவும் நானும் எண்ணினோம். நான் டேப் கீயைத் தட்டத் தட்ட, அவள் அது என்ன பட்டன் என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். மொத்தம் முப்பத்தொன்று. வரிசையாக எழுதி மெயில் அனுப்பினேன், மஞ்சுநாத்துக்கும் ஒரு காப்பி. அவள் தக்காளி சாதம் ஆறிப்போனது. “பரவால்லடி, விடு.”

ஜூலை 11, வெள்ளி

பதில் இல்லை. ஷபானாவோடு இன்றும் காதை மட்டும் கொடுத்து வேலை. பதினாறு, அவள் பெயரில்.

வீட்டில் சண்டை. என் கணவர் டேவிட், வேலை செய்யும் பேக்கரியிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார்.

“ரிசப்ஷனுக்குத்தான் போயேன். சம்பளம் அதேதான்னு சொல்றாங்க இல்ல? என்ன கொறஞ்சு போச்சு?”

“நாளைக்கு உங்கள அடுப்பாண்ட வராத, வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு கூப்புடுன்னா போவீங்களா?”

கொஞ்ச நேரம் கழித்து டீ கொண்டுவந்து கைக்கெட்டும் இடத்தில் வைத்தார். உடனே எடுக்கவில்லை. ஆறிய பிறகு குடித்தேன். சர்க்கரை போட மறந்திருந்தார்.

அவர் சொல்வதும் சரியோ? எதையும் யோசிக்க முடியாத அளவு அலுப்பு.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. தலைவலி. துணி துவைத்தது, தூங்கினது.

ஜூலை 14, திங்கள்

மஞ்சுநாத் என் மெயிலை வைத்துக்கொண்டு அந்தக் கம்பெனியை விடாமல் நச்சரித்திருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். பதினோரு மணிக்கு வீடியோ கால். அங்கே பேசியவர் பிரபு, அந்த சாஃப்ட்வேரை எழுதுகிறவர்களில் ஒருவர். சேலம் பக்கத்துப் பேச்சு.

“லிஸ்ட் பார்த்தனுங்க மேடம். ஆனா இங்க எல்லாம் நல்லாத்தான் வேலை செய்யுதுங்க.”

பதினொன்றாவது தடவை கேட்கிறேன் இந்த வாக்கியத்தை. கோபப்படக்கூடத் தெம்பில்லை. “ஒண்ணு பண்றீங்களா?” என்று கேட்டேன். ரீடரை அவர் மெஷினில் போடச் சொன்னேன். பிறகு மானிட்டரை அணைக்கச் சொன்னேன். மௌஸைத் தள்ளி வைக்கச் சொன்னேன்.

“இப்ப ஒரு ரிப்போர்ட்ட திறந்து, ஒரு வரி அடிச்சு, சேவ் பண்ணுங்க. அவ்ளோதான்.”

சிரித்தார். பிறகு டேப் கீ சத்தம். அவர் ரீடர் எங்கள் ஸ்பீக்கரில்: பட்டன். பட்டன். பட்டன். மறுபடி முதலிலிருந்து. ஷபானா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நான்கு நிமிடம் டேப் கீ. எதையோ அமுக்கினார்.

“மேடம்... சேவ் ஆயிருச்சுங்களா?”

வீடியோ காலில் வந்த அவர் திரையை மஞ்சுநாத் பார்த்துச் சொன்னார்: “இல்ல சார். டிலீட் ஆயித்து.”

அந்தப் பக்கம் மறுபடி இரண்டு தடவை டேப் கீ.

“எங்க இருக்கேன்னே தெரியலீங்க மேடம்.”

“ஆமாங்க.”

ஜெயித்த மாதிரியும் இல்லை. பாவமாகக்கூட இருந்தது. முதல் பத்துப் பட்டன்களை ரெண்டு நாளில் பார்ப்பதாகச் சொன்னார். நம்பவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

நம்பாதது சரி. ஒன்றும் வரவில்லை. மழை. செருப்பு வார் அறுந்தது. நாளை புதன்.

ஜூலை 16, புதன்

காலை பத்தே காலுக்கு மஞ்சுநாத் ஓடி வந்தார், மூச்சு வாங்க. “மேடம், லாகின் பண்ணுங்க, லாகின் பண்ணுங்க.” ஏதோ அப்டேட் வந்திருக்கிறது. டேப் தட்டினேன்.

“ஓபன். பட்டன். சேவ். பட்டன். பட்டன். சென்ட்.”

கடைசி வரை தட்டினேன். பத்து இல்லை, ஆறுக்குத்தான் பெயர். மீதி இருபத்தைந்துக்கு இன்னும் பெயர் இல்லை. எந்த இடத்தில் எது என்று மனப்பாடம் செய்துகொண்டேன். நாளைக்கு மாற்றினால் மறுபடி மனப்பாடம். முதல் ரிப்போர்ட்டுக்கு முக்கால் மணி நேரம். முன்பு பத்து நிமிடம். ஷபானா எட்டிப் பார்த்து, “உன் டாக்டரை நீயே வெச்சுக்கோ தாயே” என்றாள்.

மதியம் வரை நான்கு. என் பெயரில்.

மூன்று மணிக்கு வசந்தி மேடம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“ரிசப்ஷனுக்கு என்ன சொல்லட்டும் கிரேஸ்?”

“நான் வரல மேடம்.”

“வேகம் ரொம்ப கொறைஞ்சிருக்கும்மா. நிதானமா யோசிச்சு சொல்லேன்.”

“யோசிச்சுட்டேன்.”

பிறகு செருப்புச் சத்தம், தூரப் போனது.

அடுத்த ஃபைல். நாற்பத்திரண்டு வயது ஆண், மூன்று நாளாக இருமல். பேசுகிற டாக்டருக்கும் இருமல். வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்டு அடித்தேன்.