டி.வி. பக்கம் இரண்டு அடி

ஏப்ரல் 7, திங்கள்

கேம்ப் பஜார் தையல் கடையில் இன்று பதினோரு பேண்டுக்குக் கால் மடித்துத் தைத்தேன். எல்லாம் ஒரே கல்யாண வீட்டுக்காரர்களுடையது. கண் எரிகிறது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அதுவே இன்றைய நல்ல செய்தி.

காலையில் வைத்துவிட்டுப் போன சாதத்தில் பாதி அப்படியே இருந்தது. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டால் இவர் முகத்தை டி.வி. பக்கம் திருப்பிக்கொள்கிறார். இருக்கட்டும். கட்டிலுக்கும் டி.வி.க்கும் நடுவில் பாயைப் போட்டு விழுந்தால் போதும் எனக்கு.

இந்த டைரி மருந்துக் கடையில் இலவசமாகக் கொடுத்தது. மாதாமாதம் அவ்வளவு மருந்து வாங்குகிறோம், கொடுக்கட்டும்.

ஏப்ரல் 10, வியாழன்

நாலரை மணிக்குச் சுழற்றி அடித்தது காற்று. கடையில் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தோம். ஏரவாடாவில் வீட்டுக்கு வந்து சேர்ந்தால் சந்து முழுக்க மரக்கிளையும் தகரமும். எங்கள் கூரை ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. தகரம் பறக்காமல் இருக்க மேலே கல் வைத்திருக்கிறோம். அதில் ஒன்று உள்ளே விழுந்து, கட்டிலில், இவர் தலையணைக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. இரண்டு செங்கல் கனம் இருக்கும்.

காத்துக்குன்னு வச்ச கல்லு, காத்தடிச்சா நம்ம தலையிலதான் விழும்னு இத்தனை வருஷமா ஒருத்தருக்கும் தோணலையே!

பக்கவாதம் வந்து பதினான்கு மாதம். வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் போயிற்று. எழுந்து ஓட முடியாத மனுஷன் அந்தக் கல்லோடு தனியாகக் கிடந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் “ஒண்ணும் இல்ல” என்றார். அந்த இரண்டு வார்த்தைக்கு ஒரு நிமிஷம் ஆனது.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது கொத்தனாரைக் கூட்டி வந்து காட்டினேன். தகரத்துக்குப் பதில் காங்கிரீட் ஸ்லாப் போட ஒரு லட்சத்து எண்பதாயிரம் என்றார். இந்தச் சுவர் அதைத் தாங்காது, இடித்துக் கட்ட அது வேறு.

எதிர்வீட்டு அபயாம்பாள் அக்காவுக்குச் சிரிப்பு. “இன்னா ஜோசபின், பில்டிங் வரப்போவுது, இப்போ போயி ஸ்லாப் போடுவியா?”

இந்த வீடுகளை இடித்து மாடிக் கட்டடத்தில் வீடு தருகிறோம் என்று சர்க்கார் ஆட்கள் கதவில் நம்பர் எழுதிவிட்டுப் போய் பதினாறு வருடம். எழுதிய பெயிண்டே உதிர்ந்துவிட்டது. பில்டிங் வருகிறது, பில்டிங் வருகிறது என்று இந்தச் சந்தில் ஒருவரும் கூரைக்கு ஒரு ஆணி அடிப்பதில்லை. நாங்களும்தான்.

ஏப்ரல் 15, செவ்வாய்

ரீனா பெங்களூரிலிருந்து ஒரு வீடியோ அனுப்பினாள். அமெரிக்காவில் சூறாவளிக்குப் பயந்து தோட்டத்தில் இரும்பு அறையைப் புதைத்து வைத்துக்கொள்கிறார்கள். நம் பணத்தில் மூன்று, நான்கு லட்சம் ஆகுமாம். “சும்மா பாரும்மா, ஒரு ஐடியாவுக்கு” என்றாள்.

தோட்டத்துக்கு நான் எங்கே போவேன், மகளே?

ஆனால் நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்து அந்த அறையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அறை வேண்டாம். கட்டிலுக்கு மேல் மட்டும் ஒரு இரும்புக் கூரை இருந்தால் போதாதா?

ஏப்ரல் 19, சனி

மெயின் ரோட்டில் கிரில், கேட் செய்கிற கேஷவ் டேப்போடு வந்தான். “நாலு கால், மேல மூணு எம்.எம். ஷீட்டு, தரையில போல்ட்டு. யானை விழுந்தாலும் தாங்கும் அக்கா. பதினாறாயிரத்து ஐநூறு குடுங்க.” பேசிப் பேசி பதினாறுக்கு வந்தான். பெண்கள் சேர்ந்து போடுகிற பிஷிச் சீட்டை எடுத்தால் பதினைந்து வரும்.

இவர் சாகண் ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருடம் வெல்டராக இருந்தவர். கேஷவ் அளப்பதைக் கண் கொட்டாமல் பார்த்தார். இந்தப் பதினான்கு மாதத்தில் அந்த முகத்தில் இப்படி ஒரு கவனத்தை நான் பார்த்ததில்லை. திடீரென்று இடது கையை நீட்டி, “ரெண்டு... அடி” என்றார்.

“எந்தப் பக்கம் அண்ணே?”

டி.வி. பக்கம் காட்டினார். கூரை கட்டிலைத் தாண்டி அந்தப் பக்கம் இன்னும் இரண்டு அடி நீள வேண்டுமாம். கேஷவ் செல்போனில் கணக்குப் போட்டான். “அஞ்சாயிரம் எக்ஸ்ட்ரா ஆவும் அக்கா.”

ஏப்ரல் 22, செவ்வாய்

காலையிலேயே சண்டை. டி.வி.க்குக் கூரையா? மனுஷனுக்கே வழியைக் காணோம்! ஒரு பேண்ட் மடித்தால் என் கைக்கு இருபத்தைந்து ரூபாய். “உங்க டி.வி.க்காக நான் இருநூறு பேண்டு மடிக்கணும், தெரியுமா?” என்று கத்திவிட்டேன். அவர் தலையை ஆட்டி ஆட்டி, “இல்ல... இல்ல...” என்றார். வாய் கோணி, எச்சில் வழிய, அதற்கு மேல் ஏதோ சொல்ல முயன்றார். எனக்கு ஏழே முக்கால் பஸ். “சாயங்காலம் சொல்லுங்க” என்று கிளம்பிவிட்டேன்.

சாயங்காலம் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

கேஷவுக்கு போன் செய்து இரண்டு அடி வேண்டாம் என்றேன். இவரிடம் சொல்லவில்லை.

மே 3, சனி

கட்டில் கூரையைப் பூட்டியாகிவிட்டது. முழுசாகச் செய்தால் சந்தில் நுழையாது என்று பகுதி பகுதியாகக் கொண்டுவந்து போல்ட் போட்டான். அந்த போல்ட்டுக்குத் தனியாக எண்ணூறு. எதற்குத்தான் தனியாக இல்லை?

கட்டிலின் ஓரத்தோடு கூரை முடிந்துவிட்டதை இவர் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு டி.வி.யை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார்.

மே 7, புதன்

நான்கு நாளாக என்னோடு பேச்சு இல்லை. பேச்சே வராதவர் பேசாமல் இருப்பது எனக்கு எப்படித் தெரியும் என்றால், முப்பது வருடக் குடித்தனம். தெரியும்.

மே 18, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுத்திருந்தேன். வாரத்தில் எனக்கு இருக்கிற தூக்கம் அது ஒன்றுதான். நான்கு மணிக்கு இருட்டிக்கொண்டு காற்று கிளம்பியது. கொடியில் துணி கிடந்தது நினைவு வந்து வாசலுக்கு ஓடினேன். இரண்டு புடவையை உருவியிருப்பேன், பின்னால் பெரிய சத்தம்.

ஒரு தகரம் முழுசாகவே போய்விட்டது. இரண்டு கல் உள்ளே விழுந்திருந்தன. ஒன்று இவருக்கு மேல் இருந்த ஷீட்டில் விழுந்து அங்கேயே நின்றது. கேஷவ் சொன்னபடியே தாங்கிவிட்டது. இன்னொன்று என் தலையணையில் கிடந்தது. நான் தலை வைத்திருந்த இடத்தில்.

துணியை அணைத்தபடி நின்றேன். மழை வீட்டுக்குள் கொட்டுகிறது. இவர் அழுகிறார். பக்கவாதம் வந்தபோதுகூட அழாதவர் இடது கையால் பாயைக் காட்டிக் காட்டி அழுகிறார்.

“ரெண்டு அடி... உனக்கு. உனக்குடி.”

டி.வி.க்கு ஒரு கீறல் இல்லை.

அன்னிக்கு ஒரு பஸ்ஸை விட்டிருந்தா இன்னா? பத்து நிமிஷத்துல அடுத்தது வந்திருக்குமே. ஒரு வார்த்தை முழுசா கேக்க பத்து நிமிஷம் இல்லாம போச்சே எனக்கு.

மே 20, செவ்வாய்

புதுத் தகரம் போட்டாயிற்று. இந்த முறை ஒரு கல்கூட மேலே இல்லை. எல்லாம் ஆணி, வாஷர்.

அந்த இரண்டு அடியைச் சேர்க்கச் சொன்னேன். கேஷவ், “இப்போ பிரிச்சு ஜாயிண்ட் அடிக்கணும் அக்கா, ஆறாயிரத்து எண்ணூறு ஆவும்” என்றான். பேரம் பேசவில்லை. முதலாளியிடம் முன்பணம் கேட்டிருக்கிறேன். முணுமுணுத்துவிட்டுச் சரி என்றார்.

மே 25, ஞாயிறு

வீட்டுக்குள்ளேயே வெல்டிங். ஈரச் சாக்கைப் போட்டு இவரை மூடினால் தள்ளிவிட்டுப் பார்க்கிறார். “கண்ணை மூடுங்க!” என்று நான் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். வேலை முடிந்ததும் கை நீட்டி, “இங்க... கம்மி” என்றார். “இங்க.” கேஷவ் மூன்று இடத்தில் மறுபடி அடித்தான். “அண்ணன் கண்ணுக்கு எதுவும் தப்பாது” என்று சிரித்தான். இவரும் பாதி முகத்தால் சிரித்தார்.

ராத்திரிச் சாதம் முழுசும் சாப்பிட்டார்.

ஜூன் 8, ஞாயிறு

மத்தியானம் மழையாம், காற்றாம். சந்தில் இரண்டு வீட்டில் தகரம் தூக்கியதாக அபயாம்பாள் அக்கா வந்து சொன்னார். எனக்கு ஒன்றும் தெரியாது. பாயில் கண் விழித்தபோது மணி ஐந்தரை. மேலே ஷீட்டைப் பார்த்தபடி படுத்திருந்த இவர் நாலு மணி டீக்கு என்னை எழுப்பவே இல்லை.