விருந்தாளிக்காகக் கட்டிய கண்கள்

ரும்பி, 6 மே 2009

அன்புள்ள லுசுங்கு அக்காவுக்கு,

நலம். அம்மாவும் நலம், அவளுடைய கண்புரை அறுவை அடுத்த மாதம்தான். எங்கள் ஆஸ்பத்திரியில் நேற்று அறுவை முடிந்தவர்களுக்கு இன்று காலை நான் கண் கட்டைப் பிரித்துச் சொட்டுமருந்து விட வேண்டும். ஆனால் முசூசுவில் உங்கள் அறக்கட்டளை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்திருக்கிறது. இந்த இலவச அறுவைகளுக்குப் பணம் தரும் பெரியவர் வெள்ளிக்கிழமை வந்து தன் கையால் பிரிக்கும்வரை யாரும் தொடக்கூடாதாம். படம் எடுக்க வேண்டுமாம். கண் என்ன, திறப்பு விழா நாடாவா? விறகு விற்கும் நியாகோண்ட்வே, கண் குத்துகிறது என்று காலையிலிருந்து முனகுகிறாள். நீ சொன்னால் அங்கே கேட்பார்கள். இந்தக் கடிதம் கொண்டுவரும் மருந்து வண்டியிலேயே பதில் அனுப்பு.

உன் தங்கை
தவோங்கா

முசூசு, 6 மே, மாலை

என் செல்லத் தங்கைக்கு,

கோபம் உடம்புக்கு ஆகாது. அவர் கொடுப்பதால்தான் ஏழைகளுக்கு இலவசமாகப் பார்வை கிடைக்கிறது, உனக்குச் சம்பளமும். இரண்டு நாள்தானே? நியாகோண்ட்வேக்கு வலி மாத்திரை கொடு. அவளுடையது படத்துக்கு ஏற்ற முகம். அவளை முன்வரிசையில் உட்காரவை. அம்மாவுக்கு ஏரியில் பிடித்த உசிபா மீன் கருவாடு அனுப்பியிருக்கிறேன்.

பிரியமுள்ள அக்கா
லுசுங்கு

ரும்பி, 20 ஜூன்

அக்கா,

அன்று உன் கடிதம் வந்ததுமே எல்லோருடைய கட்டையும் பிரித்தேன். நியாகோண்ட்வேயின் கட்டுக்குள் சீழ். வெள்ளிக்கிழமை வரை விட்டிருந்தால் கண் போயிருக்கும். துடைத்து மருந்து விட்டதும் அவளுக்குப் பார்வை தெரிந்தது.

வெள்ளிக்கிழமை அந்தப் பெரியவரோடு நீ வந்து என்ன செய்தாய்? பார்வை வந்தவர்களைப் பிடித்து உட்காரவைத்து மறுபடி துணி சுற்றினாய். சீழ் பிடித்த கண் என்று நான் கத்தியும் கேட்கவில்லை. நியாகோண்ட்வே உன்னிடம் கேட்டாள்: "ஏம்மா, நேத்தே நல்லாப் பாத்தேனே. இந்த ஆளப் பாக்குறதுக்கு மறுபடியும் என்னைக் குருடாக்கணுமா?" சிரித்துக்கொண்டே முடிச்சுப் போட்டாய். பிறகு பெரியவர் பிரித்ததும் கேமரா முன்னால் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாய்.

நேற்றுக் காலை அம்மாவின் கட்டைப் பிரித்தேன். படம் எடுக்க யாருமில்லை. என்னைப் பார்த்ததும், பல் ஏன் இப்படித் துருத்திக்கொண்டிருக்கிறது என்று கேலி செய்தாள். பிறகு நீங்கள் அச்சடித்து அனுப்பிய சுவரொட்டி அவள் கண்ணில் பட்டது. நீ அழுகிற படம். வெகுநேரம் பார்த்தாள்.

"லுசுங்குதான?"

ஆமாம் என்றேன்.

"அவ நெசமா அழுதா மூக்கு ஒழுகுமில்ல?"

அதைச் சுவரிலிருந்து கழற்றச் சொன்னாள். கருவாடும் இனி வேண்டாமாம்.

தவோங்கா