பிள்ளை பிடிக்கிறவர்

வியாழக்கிழமை, மதியம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்ததிலேயே பாதி மதியம் போய்விட்டது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

கையில் போன் இருக்கும்போது காகிதத்தில் எழுதுகிறாளே என்று நீ சிரிக்கலாம். பத்து நாளாக அழைக்கிறேன், நீ எடுக்கவில்லை. குடும்பக் குழுவிலிருந்தும் வெளியேறிவிட்டாய். அதுவும் போக, போனில் எதை எழுதினாலும் அது யார் கைக்குப் போய் எந்த உருவத்தில் திரும்பி வருமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. காகிதத்தை யாரும் ஃபார்வர்டு செய்ய முடியாது. எங்கள் தியேட்டர் மேனேஜரின் மைத்துனர் சனிக்கிழமை நீ இருக்கும் ஊருக்கு விமானம் ஏறுகிறார். உறையை நன்றாக ஒட்டி அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

முதலில் சினிமாச் சேதி. அது இல்லாவிட்டால் நீ கடிதத்தை மேலே படிக்கமாட்டாய். புதுப்படம் மூன்றாவது வாரம் ஓடுகிறது. டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தபடியே விசில் சத்தத்தை வைத்துப் படம் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன், உனக்குத் தெரியுமே. முதல் விசில் கதாநாயகனின் செருப்புக்கு. முகத்தைக் காட்ட இன்னும் பத்து நிமிடம் ஆகும், அதுவரை செருப்புதான் நடிக்கிறது. பெரிய விசில் இடைவேளைக்கு முன்னால். குழந்தையைக் கடத்தியவனைச் சந்தைக்குள் ஓட ஓட விரட்டி, ஊரே சேர்ந்து அடிக்கிற இடம் அது. முதல் வாரம் அந்தச் சத்தம் கேட்டால் கேன்டீன்காரரைப் பப்ஸ் சூடாக்கச் சொல்வேன். இப்போது அந்த விசில் எழும்போது கவுண்டர் கதவின் தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்கிறேன். கை தானாகப் போகிறது.

கிரிக்கெட்டில் உன் ஆட்கள் வழக்கம்போல் மானத்தை வாங்கினார்கள். கைக்குள் வந்து விழுந்த பந்தைக்கூடக் கோட்டைவிட்டார்கள். நீ இருந்திருந்தால் அந்த ஃபீல்டரை வைத்து அரை மணி நேரத்தில் ஆறு மீம் போட்டிருப்பாய். உன் அத்தான் டிவி முன்னால்தான் உட்கார்ந்திருந்தார், ஆனால் பார்த்தது சன்னலை. ஸ்கோர் என்ன என்று கேட்டேன். யாரு ஆடுறாங்க என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

நீ போன விடுமுறைக்கு வந்திருந்தபோது நடந்த இறுதிப் போட்டியை நினைத்துக்கொள். கடைசி ஓவரில் பந்து மேலே போனதும் எங்கள் சின்னவளை மடியிலிருந்து இறக்கிவிட்டு, கண்ணை உருட்டி, இரண்டு கையையும் நீட்டி, பிடிடா பிடிடா என்று எழுந்து கத்தினாரே. அதை நீ படமெடுத்தாய். பள்ளி வேன் ஓட்டுகிற மனுஷர் காலை ஏழு மணிக்குச் சாவியை எடுக்கும்போது பிள்ளை பிடிக்கப் போறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். அதனால் வீட்டில் அவருக்கு அதுவே பெயர். நீ அவர் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, கீழே ‘பிள்ளை பிடிக்கிறவர் ஆன் டூட்டி’ என்று எழுதி ஸ்டிக்கர் ஆக்கினாய். நானும்தான் வயிறு வலிக்கச் சிரித்தேன். உன் மீம் பக்கத்தில் போடு என்று சொன்னதும் நான்தான். அதை மறைக்கவில்லை.

ஒரு மாதம் கொண்டாட்டமாகத்தான் இருந்தது. சனிக்கிழமையும் ஆபீஸ் உண்டு என்று யாராவது சொன்னால் அந்த ஸ்டிக்கர். தூங்காத குழந்தைக்கு அந்த ஸ்டிக்கர். வேனில் ஏறுகிற பிள்ளைகள் அந்த முகத்தைச் செய்துகாட்டினால்தான் இறங்குவோம் என்று அடம்பிடிப்பார்கள். அவரும் செய்துகாட்டுவார். முடிதிருத்தும் கடைக்காரர் அவரோடு நின்று போட்டோ எடுத்துச் சுவரில் ஒட்டினார். உன் அத்தான் வெளியே சலித்துக்கொண்டாலும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

பிறகு ஒரு நாள் எதிர்வீட்டுத் தையல்கார அக்கா எனக்கு ஒரு படம் அனுப்பினாள். அதே முகம், அதே கை. உன் எழுத்து மட்டும் இல்லை. இந்த ஆளை உங்கள் பகுதியில் பார்த்தால் குழந்தைகளை உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள் என்று போட்டிருந்தது. முகத்தை மங்கலாக்கியிருந்ததில் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. சின்னவளை ஜாக்கிரதையா பாத்துக்கோம்மா என்று கீழே எழுதியிருந்தாள். அடுத்த வாரம் அது வீடியோவாக வந்தது. பின்னால் ஒரு பெண் என் பிள்ளை, என் பிள்ளை என்று அழுகிற குரலைச் சேர்த்திருந்தார்கள். அவள் யாரென்று தெரியாது. அந்த அழுகையைக் கேட்டபோது எனக்கே ஒரு நொடி அவர்மேல் பயம் வந்தது, தம்பி. பதினோரு வருஷம் ஒன்றாக வாழ்ந்த எனக்கு.

காவல் நிலையத்துக்குப் புகார் கொடுக்கப் போனோம். அங்கிருந்த அதிகாரி அவரைப் பார்த்ததும் தன் போனை எடுத்து, சார் நீங்கதானா அது, என் பொண்ணுக்கு இதைக் காட்டித்தான் சோறு ஊட்டுறோம் என்று உன் ஸ்டிக்கரைக் காட்டினார். செல்ஃபி எடுத்துக்கொண்டார். கொஞ்ச நாள்ல தானா அடங்கிடும், டென்ஷன் ஆகாதீங்க என்று அனுப்பிவைத்தார்.

அடங்கவில்லை. வேனில் பதினான்கு பிள்ளைகள் வந்தார்கள். ஒரு வீட்டில் காய்ச்சல் என்றார்கள், ஒரு வீட்டில் மாமா கொண்டுவிடுவார் என்றார்கள், ஒரு வீட்டில் கதவையே திறக்கவில்லை. இப்போது நான்கு பிள்ளைகள், ஐந்தாவது நம் சின்னவள்.

மீசையை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். எடுத்தா நான் ஏதோ தப்பு பண்ணவன் மாதிரி ஆயிடும் என்றார். நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டிலேயே மழித்துக்கொண்டார். திங்கட்கிழமை மாலை புதிய படம் வந்தது. மீசையை எடுத்துவிட்டுத் திரிகிறான், உஷார் என்று எழுதி, வேன் எண்ணையும் போட்டிருந்தார்கள். மீசை போய் ஒன்றரை நாள்கூட ஆகவில்லை. அப்படியென்றால் இதை அனுப்புகிறவர் எங்கோ முகம் தெரியாத இடத்தில் இல்லை. எங்களைத் தினமும் பார்க்கிற ஒருவர். பால் வாங்கும்போதும் கவுண்டரில் டிக்கெட் கிழிக்கும்போதும் எதிரே நிற்கிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, நீயா, நீயா என்று மனது கேட்டுக்கொண்டே இருக்கிறது. மாலைக் காட்சிக்கு நேரமாகிறது. மிச்சத்தை நாளை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை, காலை

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். சினிமாவும் கிரிக்கெட்டும் என்று எவ்வளவு வளவளத்திருக்கிறேன். கிழித்துப் போட மனமில்லை, இருக்கட்டும். நேற்று சாயங்காலம் நடந்ததை மட்டும் நேராகச் சொல்லிவிடுகிறேன்.

மற்ற பிள்ளைகளை இறக்கிவிட்டு உன் அத்தான் பெட்ரோல் பங்குக்குள் வண்டியை விட்டிருக்கிறார். முன் சீட்டில் சின்னவள். இரண்டு நாளாக ஒரு பைக் வேனுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்ததாம், அது அங்கேயும் வந்து நின்றது. இறங்கிய இருவரில் ஒருவன் போனையும் இவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். இன்னொருவன் சின்னவளிடம் குனிந்து, பாப்பா, இவர் உனக்கு யாரும்மா என்று கேட்டான்.

அவளுக்கு ஏழு வயது. வீட்டில் யார் கேட்டாலும் சொல்லிச் சிரிக்க வைப்பதைத்தான் அங்கேயும் சொல்லியிருக்கிறாள். பிள்ளை பிடிக்கிறவர் என்று.

எத்தனை பேர் கூடினார்கள் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. வண்டிச் சாவியைப் பிடுங்கிவிட்டார்கள். சட்டைக் காலர் கிழிந்திருக்கிறது. பெட்ரோல் போடுகிற பெண் ஓடிவந்து, அது அவர் பொண்ணுதான்யா, தினமும் பாக்கிறேன் என்று கத்திய பிறகுதான் கையை எடுத்து, சாவியைத் திருப்பித் தந்தார்கள். மன்னிப்புக் கேட்கவில்லை. சந்தேகம் தீராத முகத்தோடுதான் விலகினார்கள். அவர் வீட்டுக்கு வந்து, சின்னவளுக்குக் கை கால் கழுவிவிட்டு, பிறகு குளியலறையில் வெகுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார்.

என்னைத் தூங்கவிடாதது அந்தக் கூட்டம் அல்ல. ஒருவன் முதலிலிருந்தே படமெடுத்துக்கொண்டிருந்தானாம். பெட்ரோல் போடுகிற பெண் பேசியதை வெட்டிவிட்டால் என்ன மிஞ்சும் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வெட்டுவதில் கெட்டிக்காரன் நீ. அந்த வீடியோ இன்னும் வரவில்லை. காலையிலிருந்து போனை மேசைமேல் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

கடைசியாகப் பேசியபோது, டெலிட் பண்ணிட்டேன்க்கா, என்னை இதுல இழுக்காதே, ஆபீஸ்ல தெரிஞ்சா வேலை போயிடும் என்றாய். நீ அழித்தது எதை என்று யோசித்தாயா? அது ஒரு வீட்டுச் சிரிப்பாகத்தான் பிறந்தது என்பதற்கு இருந்த ஒரே அத்தாட்சியை அழித்துவிட்டாய். இனி இருப்பது உன் போனில் உள்ள முழு வீடியோ மட்டும்தான். அதில் டிவி தெரிகிறது, மடியில் சின்னவள் தெரிகிறாள், பின்னால் நான் சிரிக்கிறேன், அத்தான், பந்து மேலே என்று நீ கத்துகிறாய். அதை வெட்டாமல் போடு. உன் முகத்தைக் காட்டி, இவர் என் அத்தான், விளையாட்டுக்குச் செய்தது நான் என்று சொல். உன்னைத் திட்டுவார்கள், வேலைக்கும் ஆபத்து வரலாம். தெரிந்துதான் கேட்கிறேன். உன்னிடம் இதுவரை நான் எதையும் கேட்டதில்லை.

வீட்டில் இருங்கள் என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன். அந்த நாலு பேர் என்னை நம்பி அனுப்புறாங்களே என்று இன்றும் ஏழு மணிக்குச் சாவியை எடுத்தார். பிள்ளை பிடிக்கப் போறேன் என்பதை மட்டும் விட்டுவிட்டுக் கிளம்பினார். கிளம்பும் முன் சின்னவளை நிற்க வைத்து மூன்று முறை சொல்ல வைத்துப் பார்த்தேன். இவர் யார்? என் அப்பா. இவர் யார்? என் அப்பா. அவளுக்கு இது ஏதோ புது விளையாட்டு. மூன்றாவது முறை கேட்டபோது அவர் முகத்தைப் பார்த்தாள், சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பழைய பெயரைச் சொல்லிவிட்டாள்.

வெளியே யாரிடமாவது அவள் மறுபடி சொல்வதற்கு முன்னால் நீ சொல்லிவிடு, தம்பி.

நீ எங்கே இருந்தாலும் உன்னைப் பார்க்கிறவர்கள் உன் முகத்தில் உன்னை மட்டுமே பார்க்க வேண்டும். இதைவிடப் பெரிய ஆசீர்வாதம் இப்போது எனக்குத் தெரியவில்லை.

பதிலை எதிர்பார்க்கும்,
உன் அக்கா