பிஜூவின் இரண்டாவது ஊசி

என் செல்ல அக்காவுக்கு,

நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் கழித்து, நம் வீட்டுக்கு மறுபடியும் ஒரு நாய்க்குட்டி வந்திருக்கிறது. பூவத்தில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போன என் பெண்டாட்டி மல்லிகா, கேட்காமல் கொள்ளாமல் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். நான் கத்திய கத்தலில் நம் தலத்தெரு ஊரே எட்டிப் பார்த்திருக்கும். கோபம் யார்மேல் என்று அவளுக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது என்றுதான் போன வாரம்வரை நினைத்திருந்தேன்.

பிஜூவை நினைவிருக்கிறதா என்று உன்னிடம் கேட்பதே அபத்தம். அத்தான் இறந்தபிறகு பிரான்சிலிருந்து திரும்பி, காரைக்கால் வீட்டில் தனியாக இருந்த உனக்கு அந்தக் குட்டி ஒன்றுதான் துணை. அதற்கு ஒரு நோட்டுப் போட்டு, பிரான்சில் பிள்ளைகளுக்கு வைப்பதுபோல 'கார்னே' என்றாய். எடை, பூச்சி மருந்து கொடுத்த தேதி, எந்த நாள் வயிறு சரியில்லை, எல்லாம் அதில் இருக்கும். பென்ஷனுக்காக வருஷா வருஷம் 'உயிரோடு இருக்கிறேன்' என்று காகிதம் கொடுத்துப் பழகியவள் நீ. எழுத்தில் இருந்தால்தான் உனக்கு நடந்த மாதிரி.

அந்தப் பழக்கம்தான் எனக்கு வசதியாகப் போயிற்று.

மகனைப் பார்க்க நீ பாரீஸ் போயிருந்தபோது, பிஜூவை இரண்டாவது தடுப்பூசிக்குக் கொண்டுபோவது என் பொறுப்பு. அன்றைக்கு மழை இல்லை, வேலை இல்லை. சாப்பிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு வாரம் ஓடியது. அப்போது நீ போன் செய்தாய்.

“ஊசி போட்டாச்சாடா? கார்னேய போட்டோ எடுத்து அனுப்பு. பாத்துட்டா நிம்மதியா இருக்கும்.”

தேதியை எழுதினேன். டாக்டர் கையெழுத்து மாதிரி ஒரு கிறுக்கல் போட்டு அனுப்பினேன். ‘சமத்துடா நீ’ என்று பதில் வந்தது. அதைப் படித்த பிறகும் நான் போகவில்லை அக்கா. எழுதியாயிற்று என்றதும் குட்டிக்கு ஊசி போட்டுவிட்ட மாதிரியே எனக்கு இருந்தது.

நீ திரும்பி வந்த பத்தாம் நாள் பிஜூ வாந்தி எடுத்தது, ரத்தமாகப் பேதி போயிற்று. நீ கார்னேயும் கையுமாக ஆஸ்பத்திரிக்குள் ஓடினாய். நான் வெளியே வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாம் நாள் குட்டி செத்துப்போயிற்று. விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம், “நாந்தான் பால மாத்திக் குடுத்துட்டேன், என் தப்புதான்” என்று சொல்லி அழுதாய். நான் அவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தேனா? அதற்கப்புறம் நீ நாயே வளர்க்கவில்லை.

போன வாரம் புதுக் குட்டியை நானே தூக்கிக்கொண்டு போனேன். டாக்டரம்மா ஊசி போட்டுவிட்டு, மருந்து பாட்டிலில் இருந்த ஸ்டிக்கரை உரித்து அட்டையில் ஒட்டினார்.

“இது இருந்தாத்தான் சார் ஊசி போட்டதுக்கு அத்தாட்சி. மூணு வாரத்துல ரெண்டாவது போடணும். அதுவரைக்கும் தெருவுல விடாதீங்க, குளிப்பாட்டாதீங்க.”

வீட்டுக்கு வந்ததும் உன் டிரங்குப் பெட்டியைத் திறந்து பிஜூவின் கார்னேயைத் தேடி எடுத்தேன். முதல் ஊசிக்குப் பக்கத்தில் ஸ்டிக்கர் இருந்தது. என் கிறுக்கலுக்குப் பக்கத்தில் இல்லை. அந்த இடத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் நீ எழுதியிருந்தாய்: “ஊசி போடல. தம்பிகிட்ட கேக்கக் கூடாது. தாங்க மாட்டான்.”

தெரிந்தேவா ஊர் முன்னால் பழியை உன் தலையில் போட்டுக்கொண்டாய்? என் கன்னத்தில் ஒன்று விட்டிருக்கக் கூடாதா? உன்னை ஏமாற்றிவிட்டோம் என்று இத்தனை வருஷம் குமைந்தேன். இது அதைவிடக் கனமாக இருக்கிறது.

மல்லிகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அப்ப ரெண்டாவது ஊசிக்கு நானும் வர்றேன்” என்றாள். என்னை நம்பவில்லை. நியாயம்தான்.

கார்னேயில் அந்தக் கிறுக்கலை அடித்துவிட்டு, ‘போடவில்லை’ என்று பேனாவால் எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன். புதுக் குட்டிக்கு இன்னும் பதினாறு நாளில் ஊசி. நாளைக்குப் போகலாம் என்று சொல்ல மாட்டேன் அக்கா. ஸ்டிக்கர் ஒட்டிய அட்டையை அன்றைக்கே உன் படத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைப்பேன். நீ கேட்காமலே காட்டுவேன்.

நீ கேட்காமல் விட்ட பொய்க்குச் சொந்தக்காரன்,
உன் தம்பி