பழைய வரி எங்கே இருக்கிறது?

ஜன. 5, திங்கள்

வெயில் சுள்ளென்று. விரல் மட்டும் விறைப்பு. வாங்க: மாடித் தெர்மாமீட்டருக்கு பேட்டரி, ரவை.

என் புரோகிராம் பேச ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம் குளிர் ரொம்ப இறங்கினால் எங்கள் மலையூர் பூம்பாறை விவசாயிகளுக்குத் தானே போன் போட்டு, கம்ப்யூட்டர் பெண் குரலில், "இன்று பனி இருக்கும்." சோதனைக்கு ஆள், கீழ்வீட்டுச் சித்தப்பா. அவருடைய உருளைக்கிழங்கு இப்போது பூவில்.

"பனி என்னைக்கு இங்க இல்ல? தண்ணி உறையுமா, உறையாதா? அதச் சொல்லு பாப்பா. செடி கருகிப்போச்சுன்னா இந்த வருசம் அம்புட்டுதான்."

நியாயம்தான்.

ஜன. 6, செவ்வாய்

மேகம். வரியை மாற்றினேன்: "இன்றிரவு தண்ணீர் உறையும். விடியுமுன் ஸ்பிரிங்ளர் போடுங்கள்." (விடாமல் தண்ணீர் தெளித்தால் இலை கருகாது.) சேவ். சித்தப்பாவுக்கு கால்.

"மறுபடியும் பனின்னுதான சொல்லுது!"

எடிட்டரில் கண்ணெதிரே புது வரி. பேசுவதோ பழையது. அப்படியானால் பழைய வரி எங்கே இருக்கிறது? ஃபைல் ஃபைலாகத் தேடினேன். எங்கும் இல்லை. விடவே மனசில்லை. திரும்பத் திரும்ப அவருக்கே கால்.

"சோலி கெடக்கு பாப்பா. சும்மா சும்மா அடிக்காத."

ரவை மறந்துபோச்சு.

ஜன. 7, புதன்

துடைத்துவிட்ட வானம். காற்றே இல்லை. இன்று நிச்சயம் உறையும்.

கண்டுபிடித்துவிட்டேன்! சேவ் செய்தால் ஃபைல்தான் மாறும். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம், முதலில் படித்ததையே மெமரியில் வைத்துக்கொண்டு பேசும். ரீலோட் செய்து, புதிதாகப் படிக்க வைத்தேன். அப்பவும் பனி! போன் போடும் பகுதி பழைய வரியை முன்னாடியே வாங்கித் தன் கையில் வைத்திருக்கிறது. என்ன அழுத்தம் பாரு! அதையும் ரீலோட் செய்தேன். என் போனில்: "தண்ணீர் உறையும்."

கத்தியே விட்டேன். அடுப்படியிலிருந்து அம்மா: "என்னடி, பூச்சியா?"

"ஆமாம்மா. செத்துப்போச்சு."

சாயங்காலம் எல்லாருக்கும் கால் போனது. சித்தப்பா எடுத்ததாகத் திரையில் பச்சை டிக். நிம்மதி.

ஜன. 8, வியாழன்

புல்லெல்லாம் வெள்ளை. பக்கத்து வயல்களில் ஸ்பிரிங்ளர் சத்தம். சித்தப்பா வயலில் இல்லை. வெயில் ஏறியதும் உருளை இலை கறுத்துத் தொங்கியது. பார்க்க முடியவில்லை.

"போன எடுத்தீங்களே சித்தப்பா?"

"எடுத்தேன். அந்தப் பொம்பளக் குரல் வந்ததுமே வச்சுட்டேன். அதே பனிதானன்னு."

பழைய வரி அவரிடம் இருந்திருக்கிறது. நான்தான் முந்தாநாள் பூராவும் கால் போட்டுப் போட்டு அவர் மண்டையில் ஏற்றி வைத்திருக்கிறேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"ஏம் பாப்பா, மேல் வீட்லதான இருக்க. ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல?"