அபிஷேகம் என்று எழுதிய வெள்ளிக்கிழமைகள்

ஜூன் 13, 2025, வெள்ளி
சாரல் விடவில்லை. துணி எதுவும் காயவில்லை. மகள் முத்துச்செல்விக்குக் கால் வீக்கம் வடிந்திருக்கிறது. சிறுநீரில் புரதம் போவதுதான் இன்னும் நிற்கவில்லை. அவள் பூசிய சிவப்பழகு கிரீமில் பாதரசம் இருந்ததாம், அதுதான் கிட்னியைக் கெடுத்ததாம். டப்பாவில் குங்குமப்பூ, பாதாம் என்றுதான் போட்டிருந்தது. எத்தனை தடவை வாசித்தேன்!

ஜூன் 16, திங்கள்
வக்கீல் நஸீபா வந்திருந்தார். நுகர்வோர் ஆணையத்தில் நாங்கள் போட்ட வழக்கைக் கம்பெனி சமரசமாக முடிக்கப் பார்க்கிறதாம். ஆனால் வாங்கியதற்கு ஆதாரம் வேண்டும். பில் இல்லை. கடைக்காரர் மஜீதிடம் விற்ற தேதியும் தொகையும் இருக்கிறது. வாங்கியவர் பெயர் இல்லை.
“அக்கா, ஒங்க கணக்கு நோட்டுல அதே தேதி, அதே தொகை இருந்தா போதும்.”
என் வீட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. “பதினோரு வருசக் கணக்கும்மா. தீப்பெட்டி வாங்குனதுகூட இருக்கும்.”
நான் காபி போட எழுந்துவிட்டேன்.

ஜூன் 17
தேதி இருக்கிறது. தொகை இருக்கிறது. எட்டு மாதம், எட்டு வெள்ளி. எதிரே என் கையெழுத்தில் — ‘மகள் கல்யாணத்துக்கு அபிஷேகம்.’
பெண் பார்க்க வந்தவர்கள், “பிள்ள நெறம் கொஞ்சம் மட்டு” என்று சொல்லிப் போனார்கள். இவர், “எம்பிள்ளைக்கு என்ன கொறச்சல்? கண்டதையும் பூசாத” என்றார். ஒளித்து வாங்கினேன். ஒளிச்சதுதான் ஒளிச்சேன், சாமி பேர்லயா எழுதணும்? சாமி பேரச் சொன்னா இவுக கேக்கமாட்டாகன்னு தெரியும்லா.

ஜூன் 18
பூசையறையை மூன்று தடவை துடைத்தேன். நோட்டு தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடலாமா?
முத்துச்செல்வி நோட்டைப் பார்த்திருக்கிறாள். மாத்திரையை விழுங்கிவிட்டு, “யம்மா, அப்பாட்ட நீயே சொல்லிரு” என்றாள்.

ஜூன் 20, வெள்ளி
சொல்லிவிட்டேன். இவர் எட்டுப் பக்கத்தையும் புரட்டினார். கத்தவில்லை.
“ஏட்டி, மத்த அபிஷேகமெல்லாம்?”
அதெல்லாம் நிஜம் என்றேன். நம்பினாரா?

ஜூலை 4
கோயிலுக்கு என்று எழுதியது பொய் என்று பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி
சமரசம் முடிந்தது. வைத்தியச் செலவு முழுவதும் தருகிறார்கள். கிரீமைக் கடைகளிலிருந்து எடுத்துவிடுவார்களாம். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: கம்பெனி எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளவில்லை.
முத்துச்செல்வி அதை இரண்டு தடவை வாசித்துவிட்டுச் சிரித்தாள். “அப்போ தப்ப ஒத்துக்கிட்டது நீ மட்டுந்தாம்மா.”
சாயங்காலம் காசி விஸ்வநாதர் கோயிலில் அவள் பேருக்கு அர்ச்சனை. பத்து ரூபாய். சீட்டை நோட்டில் ஒட்டியிருக்கிறேன்.
ஆதாரம் யாரும் கேட்கவில்லை.